41 பைட்டில் ஒரு கிளை

கல்பாக்கத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிறது புதுப்பட்டினம். அந்த ஊர்ப் பெயரைக் கணினியில் தட்டினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? 42 பைட். யூனிகோடு முறையில் எழுத்துக்கு ஒரு குறியீடு, உகரக் குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. இப்படி இந்தப் பெயருக்குள் 14 துண்டுகள் இருக்கின்றன. வழக்கமான யுடிஎஃப்-8 சேமிப்பில் தமிழ்த் துண்டு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இப்போது ஆச்சரியத்துக்கு வருவோம். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு மென்பொருளிலிருந்து புதிதாக ஒரு கிளை பிரிக்கும்போது, உலகம் முழுக்க நிரலாளர்கள் புழங்கும் ‘கிட்’ என்ற கருவி எழுதிவைக்கும் கோப்பில் இருப்பது 41 பைட். ஊர்ப் பெயரைவிட ஒரு பைட் குறைவு!

கிளை என்றால் என்ன, அது எதற்கு? மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போகும் பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்களின் கைப்பேசியில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதன் ஒரு வடிவம். அதில் கட்டணத்தையும் காட்ட வேண்டும் என்று ஒருவர் வேலை தொடங்கி, பாதியில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு புகார் வருகிறது: காலை ஆறு மணி பஸ்ஸைச் செயலி மாலை ஆறு என்று காட்டுகிறது. இன்றைக்கே திருத்தியாக வேண்டும். ஆனால் அரைகுறையாக நிற்கும் கட்டண வேலை அந்தத் திருத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது. ஆக, ஒரே நிரல் ஒரே சமயத்தில் மூன்று விதமாக உயிரோடிருக்க வேண்டும். அந்த ஒவ்வொரு வடிவமும் வளரும் தனிப் பாதைக்குத்தான் கிளை என்று பெயர். சிறுசேரி சிப்காட் வளாகத்தில் வேலை பார்ப்பவர் வாயில் அது ‘பிராஞ்ச்’.

இந்தக் கிளைகளையும் அவற்றின் வரலாற்றையும் காக்கும் மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று பெயர். இது பழைய கலை. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை எழுதினார். பத்தாண்டு கழித்து, பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். இரண்டும் கோப்பு கோப்பாகத்தான் மாற்றங்களை நினைவில் வைத்தன. முழு நிரலும் ஒரு நாள் எப்படி இருந்தது என்பதை ஒரே பொருளாகப் பிடித்துவைக்க அவற்றுக்குத் தெரியாது. பின்னால் வந்த பல கருவிகளில் கிளை பிரிக்க முடிந்தது. பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கிட் இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது. அதற்குள் போகும் ஒவ்வொரு கோப்பும் முதலில் ஒரு கணக்கீட்டுக்குள் நுழைகிறது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் அரைத்து, கடைசியில் 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தைத் தரும் கணக்கீடு அது. அந்த அடையாளத்துக்கு ‘ஹாஷ்’ என்று பெயர். ஒரு வரிக் கோப்பானாலும் ஆயிரம் பக்கக் கோப்பானாலும் ஹாஷின் நீளம் 40 எழுத்துதான். சாத்தியமான ஹாஷ்களின் எண்ணிக்கையோ, 1 போட்டு 48 சுழிகள் வைத்தால் வரும் எண்ணைவிடப் பெரிது. ஆகவே வெவ்வேறான இரண்டு கோப்புகள் தற்செயலாக ஒரே ஹாஷ் பெறும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். வேண்டுமென்றே செய்ய முடியுமா? முடியும் என்று 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் பெரும் கணினிச் செலவில் காட்டின. அதே ஆண்டில் அத்தகைய போலிகளைக் கண்டுபிடிக்கும் காவலைக் கிட் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பிறகு 64 எழுத்து நீளமான ஹாஷுக்கும் வழி செய்தது.

ஹாஷின் கூர்மை தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு விசித்திரத்தைக் காட்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு என்ற மீனவ ஊர் இருக்கிறது. அதன் முதல் எழுத்தான ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே துண்டாகச் சேர்ப்பது ஒரு வழி. முன்னால் நிற்கும் கொம்பை ஒரு துண்டாகவும், பின்னால் வரும் காலை இன்னொரு துண்டாகவும் வைப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. ஆனால் ஒன்றுக்கு 3 பைட் கூடுதல். அந்த 3 பைட் போதும். 40 எழுத்து ஹாஷ் தலைகீழாக மாறிவிடும், ‘இந்த வரி திருத்தப்பட்டிருக்கிறது’ என்று கிட் காட்டும். பார்ப்பவருக்கோ எந்தத் திருத்தமும் தெரியாது. தமிழ் உரையை வைத்து நிரல் எழுதும் எந்தக் குழுவும், இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதையே பயன்படுத்துவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது.

இனி அடுத்த அடுக்கு. நிரலாளர் ‘இந்த இடத்தில் ஒரு பதிவு போடு’ என்று சொன்னதும் கிட் ஒரு சிறு ஆவணம் எழுதுகிறது. இதற்குக் ‘கமிட்’ என்று பெயர். அதில் ஐந்தாறு விவரங்கள்தான்: அந்தக் கணத்தில் முழு நிரலும் இருந்த நிலையைக் குறிக்கும் ஹாஷ், யார் எழுதியது, எப்போது, ஏன், எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு முந்தைய கமிட்டின் ஹாஷ். இந்த ஆவணத்துக்கும் தனக்கென ஒரு ஹாஷ் உண்டு. ஒவ்வொரு பதிவும் தன் தாயின் பெயரைச் சொல்கிறது. தாய் தன் தாயின் பெயரைச் சொல்கிறாள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு பதிவில் யாராவது ஒரு காற்புள்ளியைத் திருட்டுத்தனமாக மாற்றினால் அதன் ஹாஷ் மாறும்; அதனால் அதன் பிள்ளையின் ஹாஷ் மாறும்; அங்கிருந்து இன்றைய பதிவுவரை அத்தனையும் மாறிவிடும். ஒளிக்கவே முடியாது.

முழு நிலையையும் ஒவ்வொரு முறையும் பிடித்துவைத்தால் வட்டு நிரம்பிவிடாதா? நிரம்பாது. ஆயிரம் கோப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றினீர்கள் என்றால், மற்ற 999 கோப்புகளின் ஹாஷ் மாறவில்லை. மாறாத ஹாஷ் என்றால் மாறாத பொருள். அது ஏற்கெனவே கிடங்கில் இருக்கிறது. புதிய பதிவு பழைய பொருள்களையே சுட்டிவிட்டுப் போகிறது. மாறிய கோப்பும், அது இருக்கும் அடைவுகளின் பட்டியலும் மட்டுமே புதிதாக எழுதப்படுகின்றன. பிறகு கிட் ஓய்வாக இருக்கும்போது இவற்றையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் வைத்துச் சுருக்கிக் கட்டிவிடும்.

இப்போது அந்த 41 பைட்டின் ரகசியம் தானாக அவிழ்கிறது. ஒவ்வொரு பதிவும் தன் முன்னோரை அறிந்திருக்கும்போது, ஒரு கிளையைக் குறிக்க அதன் கடைசிப் பதிவின் ஹாஷ் ஒன்றே போதும். பின்னோக்கி நடந்தால் மொத்த வரலாறும் கிடைத்துவிடும். ஹாஷுக்கு 40 எழுத்து, வரி முடிந்தது என்பதற்கு 1. மொத்தம் 41 பைட். புதிய கிளை பிரிப்பது என்றால் அந்த 41 பைட்டை இன்னொரு பெயரில் எழுதுவது. ஒரு கோப்பும் நகலாவதில்லை. நீங்கள் வேலை செய்து புதிய பதிவு போட்டதும் அந்தக் கோப்பிலுள்ள ஹாஷ் புதிய பதிவின் ஹாஷாக மாற்றி எழுதப்படும். கிளை ஒரு படி முன்னேறிவிட்டது. கிளைக்குப் புதுப்பட்டினம் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், கிட் ஏற்றுக்கொள்ளும். அப்போது கிளையின் பெயர் கிளையைவிடக் கனமானது!

இந்தக் கருவி பிறந்த வேகமும் வியப்புக்குரியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையக் கருவை உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். அவர்கள் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற தனியார் கருவியின் இலவச அனுமதி 2005-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி மாற்றுக் கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-ஆம் தேதி கிட் தன் சொந்த நிரலையே தனக்குள் சேமித்தது. ஏப்ரல் 18-ஆம் தேதி முதன்முறையாகக் கிளைகளை இணைத்தது. ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 பதிப்பு கிட்டில் நிர்வகிக்கப்பட்டது. ஜூலையில் கிட்டின் பராமரிப்புப் பொறுப்பை டோர்வால்ட்ஸ் ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து பொறுமையாக அதை வளர்த்து ஆளாக்கியவர் ஹமானோதான். டோர்வால்ட்ஸின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிரித்தாயிற்று. சேர்ப்பது? சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலை மத்திய கைலாஷில் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை திருவான்மியூரில் தொடங்குகிறது. தனித்தனியாக ஓடி, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் இரண்டும் சேர்கின்றன. அதற்குத் தெற்கே புதுப்பட்டினத்துக்கு வருவது ஒரே சாலை. இரண்டு வழியின் வண்டிகளும் அதில் உண்டு. கிளைகளை இணைக்கும் பதிவும் அப்படித்தான். ‘மெர்ஜ்’ என்று சொல்லப்படும் அந்தப் பதிவுக்கு ஒரு தாய் இல்லை, இரண்டு தாய்கள். இரண்டு வரலாறுகளும் அதற்குள் வந்து சேர்கின்றன.

சாலைகளைச் சேர்க்கத் தார் போதும். உரைகளைச் சேர்க்க அது போதாது. நம் பேருந்துச் செயலியில் ஊர்ப் பட்டியல் ஒரு கோப்பில் இப்படி இருக்கிறது: மாமல்லபுரம், கல்பாக்கம், புதுப்பட்டினம், கூவத்தூர். வரிக்கு ஓர் ஊர். செங்கல்பட்டில் இருக்கும் ஒருவர் தன் கிளையில், மாமல்லபுரத்துக்கு அடுத்துச் சதுரங்கப்பட்டினத்தைச் சேர்க்கிறார். திருக்கழுக்குன்றத்தில் இருப்பவர் தன் கிளையில், புதுப்பட்டினத்துக்கு அடுத்து வயலூரைச் சேர்க்கிறார். இந்த இரண்டு பட்டியலையும் மட்டும் உங்கள் கையில் கொடுத்து ஒன்றாக்கச் சொன்னால் முடியுமா? ஒன்றில் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது, மற்றதில் இல்லை. முதலாமவர் புதிதாகச் சேர்த்தாரா, அல்லது முன்பே இருந்ததை இரண்டாமவர் நீக்கினாரா? பட்டியல்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது.

பதில் மூன்றாவது பட்டியலில் இருக்கிறது. இருவரும் பிரிவதற்கு முன் கடைசியாகப் பகிர்ந்துகொண்ட வடிவம் அது. அதுதான் பொது மூதாதை. அதில் சதுரங்கப்பட்டினம் இல்லை, ஆகவே அது சேர்க்கப்பட்டதுதான். வயலூரும் அப்படியே. இரண்டையும் ஏற்றுக்கொள், பட்டியல் ஆறு ஊர்களாகிறது. மனிதர் கை படாமல் வேலை முடிந்தது. இதற்கு மும்முனை இணைப்பு என்று பெயர். ஒவ்வொரு பதிவும் தாயின் பெயரைச் சொல்வதால், இரண்டு கிளைகளிலிருந்தும் பின்னோக்கி நடந்து, பாதைகள் சந்திக்கும் பதிவைக் கிட் தானே கண்டுபிடித்துவிடுகிறது. பிரிந்த இடத்தை மறக்காமல் வைத்திருந்ததால்தான் சேர முடிகிறது.

இதன் அருமை நம் பதிப்பாசிரியர்களைக் கேட்டால் தெரியும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தபோது, அவர் முன்னால் இருந்தவை பல இடங்களிலிருந்து தேடிச் சேர்த்த ஏட்டுச் சுவடிகள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிளையின் கடைசிப் படி. எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது, எங்கே பிரிந்தது என்று சொல்லும் மூதாதை கிடைக்கவில்லை. ஒரு சொல் ஓர் ஏட்டில் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால், அது சேர்க்கையா விடுபடலா என்பதை மொழி அறிவாலும் யாப்பாலும் உரைகளாலும் எடைபோட வேண்டியிருந்தது. முடிவு செய்த பிறகும் மற்ற வடிவங்களைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் காத்துவைத்தார். கணினி ஒரு நொடிக்குள் முடிக்கும் கேள்விக்கு அவர் ஆண்டுக்கணக்கில் விடை தேடினார்.

மூதாதை இருந்தும் தீராத இடங்கள் உண்டு. மூலத்தில் புதுப்பட்டினத்துக்குப் பஸ் வரும் நேரம் 6.10. ஒருவர் அதை 6.15 ஆக்குகிறார், மற்றவர் 6.20 ஆக்குகிறார். யார் சரி? கிட் ஊகிப்பதில்லை. ‘கான்ஃபிளிக்ட்’ என்று அறிவித்து நின்றுவிடுகிறது. இரண்டு வரிகளையும் அம்புக்குறிகளுக்கு நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, முடிவை மனிதரிடம் விடுகிறது. இந்த நிறுத்தம்தான் அதன் நேர்மை என்பேன். ஆனால் அது எச்சரிக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஒருவர் ஒரு செயற்கூறின் பெயரை நிரல் முழுக்க மாற்றுகிறார். மற்றவர் அதே வாரம் வேறொரு கோப்பில் பழைய பெயரைச் சொல்லிப் புதிதாக அழைக்கிறார். வரிகள் மோதவில்லை. இணைப்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஓட்டிப் பார்த்தால் நிரல் விழும். கிட் வரிகளைத்தான் ஒப்பிடுகிறது, பொருளை அல்ல. அதனால்தான் நல்ல குழுக்கள் ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னும் சோதனைகளைத் தானாக ஓடவிடுகின்றன.

இன்னொரு சிக்கல் இதைவிட அழகானது. இரண்டு கிளைகள் அடிக்கடி ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிட்டால், அவற்றுக்குச் சமதூரத்தில் இரண்டு பொது மூதாதைகள் இருக்கக்கூடும். எதை எடுப்பது? கிட் இரண்டையும் எடுக்கிறது. முதலில் அந்த மூதாதைகளையே ஒன்றோடொன்று இணைத்து, வரலாற்றில் எங்குமே இருந்திராத ஒரு கற்பனை மூதாதையை உருவாக்கி, அதை அடிப்படையாக வைத்து இன்றைய கிளைகளை இணைக்கிறது. மூதாதைகளின் மூதாதைகளும் இரண்டாக இருந்தால்? அவற்றையும் முதலில் இணைக்கிறது. இப்படி எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் பின்னே போகும். இரண்டு தாய்கள் என்ற கணக்கும் கட்டாயமில்லை. லினக்ஸ் கருவின் வரலாற்றில் 66 தாய்கள் கொண்ட ஒரே பதிவு 2014-இல் இடம்பெற்றது. அதை ஏற்றுக்கொண்ட டோர்வால்ட்ஸே திகைத்துப்போனார்.

இத்தனை கிளைகளை ஒரு பெரிய திட்டம் எப்படிக் கட்டி மேய்க்கிறது? லினக்ஸ் கருவில் ஏறக்குறைய ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. புதிய வசதிகளை ஏற்கும் வாசல் முதல் இரண்டு வாரம்தான் திறந்திருக்கும். மீதி நாள் முழுக்கத் திருத்தம் மட்டும். ஒரு பதிப்புக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் வரும்போது அந்த இரண்டு வாரத்தில் மோதல் வெடிக்காதா? வெடிக்காமலிருக்க ஒத்திகை நடக்கிறது. 2008-இல் ஸ்டீபன் ராத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற கிளையைத் தொடங்கினார். வேலை நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிளைகளை ஒன்றாக இணைத்து, ஓடும் நிரலாகத் தொகுத்துப் பார்த்து, எது எதோடு மோதுகிறது என்று உரியவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அது. அடுத்த முறை அந்த இணைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து மீண்டும் கட்டுகிறார்கள். நேற்றுத் தீர்த்த அதே மோதல் இன்று மறுபடி வந்தால் மறுபடி உட்கார்ந்து தீர்க்க வேண்டியதில்லை. ஒருமுறை மனிதர் தந்த தீர்வை நினைவில் வைத்துத் தானே இட்டு நிரப்பும் வசதி கிட்டில் இருக்கிறது.

பழைய பதிப்புகளையும் கைவிட முடியாது. வெளியான பதிப்பில் ஓட்டை தெரியவந்தால், திருத்தம் முதலில் முதன்மைக் கிளைக்குப் போக வேண்டும் என்பது லினக்ஸில் விதி. பிறகுதான் அந்த ஒரு பதிவை மட்டும் பொறுக்கி எடுத்துப் பழைய கிளையில் நட வேண்டும். ‘செர்ரி-பிக்’ என்பார்கள். தாய் மாறிவிட்டதால் நட்ட பதிவுக்குப் புதிய ஹாஷ் வந்துவிடும். அதனால் மூலப் பதிவின் ஹாஷைக் குறிப்பில் எழுதிவைக்கிறார்கள். விதி ஏன் இவ்வளவு கண்டிப்பு? பழைய கிளையில் மட்டும் திருத்திவிட்டு மறந்தால், அடுத்த பதிப்பில் அதே ஓட்டை உயிர்பெற்று வரும்.

எந்நாளும் முழுதாகச் சேராமலே வாழும் கிளைகளும் உண்டு; அதில் ஒன்று நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற பன்னாட்டு லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழி வசதிகளைச் சேர்த்து உருவாக்கியது அது. டெபியனே தனக்குள் மூன்று நிலைகளை வைத்திருக்கிறது: அன்றாடம் மாறுவது, சோதனையில் இருப்பது, உறுதியானது. உறுதியானதிலிருந்து பிரிந்து வளரும் ஒரு தொகுப்பு, மூலத்தில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை எந்நாளும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தன் சொந்த மாற்றங்களையும் இழக்கக் கூடாது. நீண்ட காலக் கிளையின் வாடகை இது. நியாயமான காரணம் இருந்தால் தரலாம். காரணமில்லாமல் மாதக்கணக்கில் ஒரு கிளையைத் தனியே ஓடவிடுகிற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்; மூதாதை தூரமாகப் போகப் போக மோதல்கள் பெருகிக்கொண்டே போகும். ஒரு வேலைக்கு ஒரு கிளை, இரண்டு மூன்று நாளில் சேர்த்துவிடுவது என்ற பழக்கம்தான் பாதுகாப்பு.

இவ்வளவு பின்னலான வரலாற்றில் ஒரு பிழை எந்தப் பதிவில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? போன மாதம் செயலி சரியாக ஓடியது, இன்று ஓடவில்லை. நடுவில் ஆயிரம் பதிவுகள். கிட் நடுப் பதிவை எடுத்துத் தந்து கேட்கும்: இங்கே பிழை இருக்கிறதா? இல்லை என்றால் முன்பாதி தப்பித்தது. இருக்கிறது என்றால் பின்பாதி தப்பித்தது. மறுபடி பாதி, மறுபடி பாதி. ஆயிரத்துக்குப் பத்துக் கேள்வி போதும். லினக்ஸ் கருவின் பதிவுகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. அத்தனையிலும் தேடினாலும் இருபதுக்குப் பக்கம்தான். கிளைகள் எத்தனை முறை பிரிந்து சேர்ந்திருந்தாலும் கவலையில்லை, எந்தப் பதிவு சந்தேகத்துக்குரியவற்றைச் சரிபாதியாகப் பிரிக்கும் என்று கிட் கணக்கிட்டுக்கொள்ளும். பிழையைக் கண்டறியும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்விகளையும் தானே கேட்டு, தானே பதில் வாங்கி, கடைசியில் ஒரே ஒரு பதிவைக் காட்டும். அதன் ஹாஷ், தேதி, எழுதியவர் பெயர், அந்த மாற்றத்தை ஏன் செய்தார் என்று அவர் அன்று எழுதிவைத்த இரண்டு வரி.